இன்ஜின் மாற்றியாச்சு, வண்டி மட்டும் எடுக்க மாட்டேங்குது!

கேள்வி: அண்ணே, வணக்கம். வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய மாருதி 800, எம்.பி.எஃப்.ஐ மாடல். மே மாதம் முண்டக்கயத்திலிருந்து குட்டிக்கானம் ஏறும்போது தண்ணீர் இல்லாமல் சூடேறி இன்ஜின் சீஸ் ஆகி, சுற்றாமல் இறுகிவிட்டது. மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் அதே மாடல் இன்ஜின் வாங்கி, இங்கே ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றினேன். மழையில் வேலை இழுத்து ஆகஸ்டில்தான் முடிந்தது. செல்ஃப் அடித்தால் இன்ஜின் நன்றாகவே சுற்றுகிறது, ஆனால் ஒரு தடவைகூடப் பற்றவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், இன்ஜினே சரியில்லை என்கிறார் மெக்கானிக். ஓடவிட்டுக் காட்டித்தானே கொடுத்தேன் என்கிறார் கடைக்காரர். இ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போயிருக்கும், அதை மாற்று என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சாவி போட்டால் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரிகின்றன. இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியவில்லை. அப்படியென்றால் இன்ஜினில் கோளாறு இல்லை என்றுதானே அர்த்தம்?
– ஒரு வாசகர், வண்டிப்பெரியாறு

பதில்: தம்பி, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மஞ்சள் விளக்கில்தான் விஷயமே இருக்கிறது. நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிரானது அதன் அர்த்தம். வண்டி ஓடும்போது அது எரிந்தால் கோளாறு, சரி. ஆனால் சாவியை ஆன் செய்து, செல்ஃப் அடிக்காமல் வைத்திருக்கும்போது அது கட்டாயம் எரிய வேண்டும். எரியவில்லை என்றால், பல்பு போயிருந்தால் ஒழிய, இ.சி.எம். இன்னும் கண்ணே திறக்கவில்லை என்று பொருள். அது விழிக்காவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் இல்லை, இன்ஜெக்டர் திறக்காது, பெட்ரோல் பம்ப் ஓடாது. செல்ஃப் மோட்டாருக்கு மட்டும் இ.சி.எம்.மின் தயவு தேவையில்லை, பேட்டரியிலிருந்து நேராக வாங்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டியில் நடப்பது அப்படியே இதுதான்.

உறுதி செய்துகொள்ள ஒரு வேலை செய்யுங்கள். அக்கம்பக்கத்தில் சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒருவரைப் பின் சீட்டில் டேங்க் பக்கமாகக் காதை வைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சாவியை ஆன் செய்யுங்கள். இரண்டு மூன்று நொடி 'ஊம்' என்று ஒரு சத்தம் வந்து தானாக நிற்க வேண்டும், அதுதான் பம்ப். விளக்கும் இல்லை, இந்தச் சத்தமும் இல்லை என்றால் இன்ஜினைப் பற்றிய பேச்சையே இப்போதைக்கு நிறுத்திவிடலாம்.

பொதுவாகவே சொல்கிறேன், நன்றாக ஓடிய வண்டியில் இன்ஜினை இறக்கி ஏற்றிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்ஜினை இல்லை, கை பட்ட இடங்களை. இறக்கும்போது கழற்றிய ஒவ்வொரு கப்ளரும் (வயர் இணைப்பும்), ஒவ்வொரு ஹோஸும், ஒவ்வொரு எர்த் வயரும் திரும்பிப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் முன்பே இ.சி.எம். மாற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்டால் பணமும் போகும், வண்டியும் நிற்கும். மே மாதம் வரை அந்த இ.சி.எம். வேலை செய்துகொண்டுதானே இருந்தது? இன்ஜின் சூடேறி சீஸ் ஆனதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது எங்கே பார்ப்பது? சுஸுகி பெட்ரோல் இன்ஜின்களில் இ.சி.எம்.முக்கான எர்த் பெரும்பாலும் இன்டேக் மேனிஃபோல்டில்தான் (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதி) போல்ட் போட்டு முறுக்கியிருக்கும். வயரிங் கட்டிலிருந்து சின்னதாக ஒரு கிளை பிரிந்து வரும், நுனியில் வளையம் போல லக் இருக்கும், பெரும்பாலும் கருப்பு வயர். மேனிஃபோல்டைக் கழற்றினால் அதையும் கழற்றியே ஆக வேண்டும். மாட்டும்போது அது மேனிஃபோல்டுக்குப் பின்னால் சரிந்து தொங்கிவிடும், மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. டார்ச் அடித்து, கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். இன்னொரு விதமும் உண்டு. பழைய சாமான் கடைகளில் இன்ஜின் பளபளப்பாக இருக்கட்டும் என்று வெள்ளி பெயின்ட் அடித்து வைப்பார்கள். லக் மாட்டியிருக்கும், போல்ட்டும் இறுகியிருக்கும், நடுவே பெயின்ட் இருப்பதால் எர்த் கிடைக்காது. அந்த இடத்தை உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்துவிட்டு முறுக்குங்கள்.

பேட்டரி நெகட்டிவிலிருந்து கியர் பாக்ஸுக்கோ இன்ஜினுக்கோ போகும் தடித்த எர்த்தையும் விடாதீர்கள். மல்ட்டி மீட்டர் இருந்தால் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கட்டையிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மீட்டர் இல்லையா, ஜம்ப்பர் கேபிள் ஒன்றை நெகட்டிவிலிருந்து நேரே பிளாக்கில் கடித்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள், வித்தியாசம் அதுவே சொல்லிவிடும்.

எர்த் எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு வரவில்லை என்றால் பியூஸ், அப்புறம் மெயின் ரிலே. சாவி போட்டதும் ரிலே 'டிக்' என்று அடிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாலே தெரியும். இதெல்லாம் முடிந்து விளக்கு எரிந்த பிறகு எனக்குச் சொல்லுங்கள்.

(இந்தப் பதிலை இதழ் வரும் வரை காத்திருக்க வைக்காமல் வாசகருக்கு முன்பே அனுப்பிவிட்டோம். அவர் மறுபடி எழுதியது கீழே.)

கேள்வி: அண்ணே, நீங்கள் சொன்ன இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது! ஒரு லக்கில் இரண்டு வயர், மாட்டியதும் மஞ்சள் விளக்கு வந்துவிட்டது, பம்ப் சத்தமும் வருகிறது. ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைக் கழற்றினால் மூன்றும் ஈரம், பெட்ரோல் வாடை. அவ்வப்போது ஏர் ஃபில்டர் பக்கம் 'டப்' என்று ஒரு வெடி. வாங்கிய இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்டை முறைப்படி பங்கிடும் பாகம்) கேப் உடைந்திருந்ததால் என் பழைய இன்ஜினிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே எடுத்துப் போட்டோம். அதனால் இருக்குமா?

பதில்: அதனால்தான் இருக்கும். முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் இரண்டு கடிதம் ஒன்றாகியிருக்கும், பரவாயில்லை.

பெட்ரோல் வருகிறது, பிளக் நனைகிறது, வெடியும் வருகிறது. அதாவது நெருப்பும் இருக்கிறது, நேரம்தான் தப்பு. இன்டேக் வால்வு திறந்திருக்கும்போது பொறி விழுந்தால் தீ மேனிஃபோல்டு வழியாகத் திரும்பி வரும், அந்தச் சத்தம்தான் நீங்கள் கேட்பது. (இந்த நிலையில் ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே செல்ஃப் அடிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். புருவம் கருகும், வேண்டாம்.)

முதலில் சுலபமானது. இது மூன்று சிலிண்டர் இன்ஜின், ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-3-2. டைமிங் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும், அந்தப் பக்கம் ஒன்றாவது. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்குள் இருக்கும் ரோட்டர் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று பார்த்து, அதே திசையில் 1, 3, 2 என்று வயர் போயிருக்கிறதா என்று பாருங்கள். வரிசையாக 1, 2, 3 என்று மாட்டினால் ஒரு சிலிண்டர் மட்டும் சரியான நேரத்தில் அடிக்கும், மற்ற இரண்டும் இடம் மாறி அடிக்கும். வண்டி உதறும், எடுக்காது.

வயர் சரி என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் உட்கார்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றாவது சிலிண்டர் பிளக்கைக் கழற்றுங்கள், வயர்களைப் பிரித்து ஓரமாக வையுங்கள், ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜின் சுற்றும் திசையிலேயே மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். பிஸ்டன் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் கம்ப்ரெஷனில் மேலே வரும். கம்ப்ரெஷன் வரும்போது காற்று விரலைத் தள்ளும், எக்ஸாஸ்டில் வரும்போது தள்ளாது. தள்ள ஆரம்பித்ததும் நிதானமாகத் திருப்பி, கிளட்ச் ஹவுசிங்கில் ரப்பர் மூடி போட்ட சின்ன ஜன்னல் இருக்கும், அதன் வழியே ஃப்ளைவீலில் உள்ள கோடு குறிக்கு நேரே வரும்போது நிறுத்துங்கள். இப்போது கேப்பைத் திறந்து பாருங்கள், ரோட்டர் ஒன்றாவது வயரின் முனையைப் பார்த்து நிற்க வேண்டும். நேர் எதிர்ப்பக்கம் நின்றால், உங்கள் மெக்கானிக் ஃப்ளைவீல் கோட்டை மட்டும் பார்த்து, விரல் வைத்துப் பார்க்காமல் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் மாட்டியிருக்கிறார் என்று அர்த்தம். கோடு இரண்டு சுற்றிலும் ஒரே இடத்துக்குத்தான் வரும், அதுதான் இங்கே ஏமாற்றுவது. டிஸ்ட்ரிபியூட்டரை இழுத்து, அரைச் சுற்று திருப்பி மாட்டுங்கள். கொஞ்சம் மட்டும் விலகியிருந்தால் கியர் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கும், அதையும் இழுத்துச் சரி செய்யலாம். பக்கவாட்டு போல்ட்டைத் தளர்த்தித் திருப்பி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், ஒரு பல்லின் அளவு அதில் பிடிபடாது.

அப்படியே ஸ்டார்ட் செய்யப் போகாதீர்கள். மூன்று பிளக்கும் நனைந்திருக்கிறது என்றால் சிலிண்டர் சுவரில் பெட்ரோல் இறங்கி ஆயிலைக் கழுவியிருக்கும். பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக் காயவையுங்கள். பம்ப் பியூஸை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து உள்ளே இருப்பதை வெளியே தள்ளுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது, வயர் முனைகள் பிளக் ஓட்டைக்கு அருகே பொறி விடாதபடி காயில் கப்ளரையும் பிரித்துவிடுங்கள். அந்தக் கையோடு ஆயில் விளக்கு அணைகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் எத்தனை மாதம் கிடந்த இன்ஜினோ, பேரிங்கில் ஆயில் ஏறிய பிறகு பற்றுவதுதான் அதற்கு நல்லது. அப்புறம் ஆயிலை மாற்றிவிடுங்கள், பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணியாகிவிட்டிருக்கும். ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம், நடுவே அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள்.

இன்னொன்று, டேங்கில் இருப்பது மே மாதப் பெட்ரோல். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். உங்கள் ஊரில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) அடித்த மூன்று மாதமும் வண்டி நின்றிருக்கிறது. ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்துப் பாருங்கள், அடியில் தனியாக ஒரு கோடு தெரிந்தால் முழுவதையும் இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் பற்றவில்லை என்றால் அப்போதுதான் கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும், அதன் பிறகே கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டும். த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து அளந்தால் 150 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருப்பது நல்ல இன்ஜின், 100-க்குக் கீழே போனால் பற்றுவது கஷ்டம், மூன்றுக்கும் இடையே பெரிய வித்தியாசமும் இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். மூன்றிலும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் டைமிங் பெல்ட் பல் தாண்டி மாட்டப்பட்டிருக்கிறதா என்று கவரைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மற்றது.

கேள்வி: போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் வைத்திருக்கிறேன், மஹிந்திரா, டி.ஐ. இன்ஜின். அது கை கொடுக்காமல் போகவே, மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பழைய பியூஜோ டீசல் இன்ஜினைப் போட்டேன். போடியில் நிறுத்தினால் காலையில் இரண்டு மூன்று தடவையில் எடுத்துவிடுகிறது. சாந்தம்பாறையில் இரவு தங்கினால் காலையில் எடுக்கவே மாட்டேன் என்கிறது, இறக்கத்தில் உருட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஏர் லாக் என்று சொல்லி டீசல் லைன் முழுக்க மாற்றிவிட்டார்கள்.
– ஜீப் டிரைவர், போடிநாயக்கனூர்

பதில்: ஏர் லாக் என்றால் போடியிலும்தான் எடுக்காது அண்ணே. குளிரில் மட்டும் மக்கர் செய்கிறது என்றால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள்.

உங்கள் பழைய டி.ஐ. இன்ஜினில் டீசல் நேரே பிஸ்டன் தலையில் பீய்ச்சப்படும், அதற்கு ஹீட்டர் பிளக் தேவையில்லை, அதனால் வண்டியில் அதற்கான வயரிங்கும் இருந்திருக்காது. பியூஜோ அப்படி இல்லை. ஹெட்டுக்குள் தனியாக ஒரு சின்ன அறை, டீசல் அதில்தான் விழும். அந்த அறையின் சுவர் குளிர்ந்திருந்தால் அழுத்திய காற்றின் சூட்டை எல்லாம் அதுவே குடித்துவிடும், டீசல் பற்றாது, வெள்ளைப் புகையாக வெளியே போகும். அதற்காகத்தான் ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். பிளக் ஹெட்டில் இருக்கும், கரண்ட் வருகிற வயர் இருக்காது. உங்கள் வண்டியில் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொன்றாக பேட்டரியில் கொடுத்துப் பாருங்கள். பிளக்கை வைஸில் பிடித்துக்கொள்ளுங்கள், கையில் பிடிக்காதீர்கள். நுனி சில நொடிகளில் சிவக்க வேண்டும். சிவக்காததை மாற்றிவிடுங்கள், நான்கில் இரண்டு போயிருந்தாலே மலையில் எடுக்காது. பென்சில் போல நீளமாக இருக்கும் வகை என்றால் ஒவ்வொன்றும் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், நான்கும் சேர்ந்தால் 40. இதைச் சாவி ஸ்விட்ச்சிலிருந்து ஒல்லியான வயரில் கொடுத்தால் ஸ்விட்ச் உருகிவிடும். பேட்டரியிலிருந்து தடித்த வயர், நடுவே பியூஸ், ரிலே, டேஷ்போர்டில் ஒரு புஷ் பட்டன், அவ்வளவுதான் வேலை. காலையில் பட்டனை 15, 20 நொடி அழுத்திவிட்டுச் செல்ஃப் அடியுங்கள்.

மலையில் சிலர் துணியில் டீசல் நனைத்துக் கொளுத்தி ஏர் ஃபில்டர் வாயில் காட்டுவார்கள், ஈதர் ஸ்ப்ரே அடிப்பவர்களும் உண்டு. ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது ஈதர் அடித்தால் நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனையே உடைத்துவிடும். பத்துப் பதினைந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி இறங்குகிற வண்டி உங்களுடையது. உருட்டி எடுக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், பற்றாத இன்ஜினோடு இறக்கத்தில் போகும்போது வேக்குவம் இல்லாமல் பிரேக் கல்லாகிவிடும்.

கேள்வி: என் காருக்கு வேறு இன்ஜின் போட்டிருக்கிறேன். தமிழ்நாடு பதிவு, டி.என். 60. வாரத்துக்கு இரண்டு தடவை குமுளி போய் வருகிறேன். ஆர்.சி.யில் பழைய இன்ஜின் நம்பர்தான் இருக்கிறது. கேரளாவில் பிடித்தால் பிரச்சினையா?
– ஒரு வாசகர், கம்பம்

பதில்: கேரளாவில் மட்டுமில்லை, தேனியில் பிடித்தாலும் பிரச்சினைதான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, முன் அனுமதி வாங்காமல் இன்ஜின் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் நீங்கள் குடியிருக்கும் பகுதியின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யோடு தெரிவித்து, கட்டணம் கட்டி, புது நம்பரைப் பதிய வைக்க வேண்டும். அதே கம்பெனி, அதே மாடல், அதே எரிபொருள் இன்ஜின் என்றால் பெரிய சிக்கல் வராது. பெட்ரோல் வண்டியில் டீசல் இன்ஜின் போட்டேன், வேறு கம்பெனி இன்ஜின் போட்டேன் என்றால் கதையே வேறு. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. மேலே எழுதிய போடி அண்ணனும் பியூஜோ இன்ஜினுக்குப் பேப்பர் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளட்டும்.

அலுவலகத்துக்குப் போகும்போது இன்ஜின் வாங்கிய பில் கையில் வேண்டும். அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆர்.சி. நகலும் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வையுங்கள், திருட்டு வண்டி இன்ஜினாக இருந்துவிட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். நம்பர் தேய்த்திருந்தாலோ, பெயின்ட் அடித்து மறைத்திருந்தாலோ விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஆர்.சி. மாறி வந்ததும் அதன் நகலை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பி, பாலிசியில் புது இன்ஜின் நம்பரை ஏற்றச் சொல்லுங்கள். பாலிசியில் ஒரு நம்பர், வண்டியில் ஒரு நம்பர் என்று இருந்தால் க்ளெய்ம் நேரத்தில் அதையே பிடித்துக்கொண்டு இழுத்தடிப்பார்கள்.